இரண்டு முடிச்சுக் கயிறு

செத்தவர்கள் அசைவதில்லை. படம் பிடிக்கிறவனுக்கு அது பெரிய உதவி. சாவீட்டில் பெட்டியைக் கொஞ்சம் நிமிர்த்தி வைத்து, சொந்தக்காரரைச் சுற்றிவர நிறுத்தி, லென்சின் மூடியைக் கழற்றி மூன்று எண்ணும்வரை ஒளி விட வேண்டும். அந்த மூன்று எண்ணிக்கைக்குள் அழுகிறவர்கள் குலுங்குவார்கள், பிள்ளைகள் திரும்புவார்கள், யாராவது தும்முவார்கள். கழுவிப் பார்த்தால் உயிரோடு இருக்கிறவர்களின் முகமெல்லாம் கலங்கிக் கிடக்கும். பெட்டிக்குள் இருப்பவரின் முகம் மட்டும் மயிர் மயிராகத் தெரியும்.

அதனால் ஒரு லென்ஸ் நல்லதா கெட்டதா என்று பார்க்க வேண்டுமானால் நான் சாவீட்டுத் தகடு ஒன்றைத்தான் கையோடு கொண்டுபோவேன். என் வலது கை இன்று இருக்கிற நிலைக்கு அந்தப் பழக்கம்தான் காரணம்.

அறுபதுகளின் தொடக்கத்தில் எனக்கு நாற்பது வயது. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டு, ஒரு ஸ்ரூடியோவில் தண்ணீர் அள்ளி ஊற்றி, பார்த்துப் பார்த்துத் தொழிலைப் பிடித்துக்கொண்டவன். ஆட்களோடு கதைக்க எனக்கு வராது. கமராவின் கறுப்புத் துணிக்குள் தலையை விட்டுவிட்டால் யாரும் என்னோடு கதைக்க மாட்டார்கள் என்பதுதான் இந்தத் தொழிலில் எனக்குப் பிடித்தது.

வவுனியாக் கடைத்தெருவின் பின்பக்கத்தில் என் ஸ்ரூடியோ இருந்தது. ஒரே அறை. அதற்குப் பின்னால் கருவாடு அடுக்கி வைத்திருந்த சின்னக் களஞ்சியம் ஒன்றை வெளிச்சம் வராமல் அடைத்து இருட்டறையாக்கியிருந்தேன். கட்டடத்தின் சொந்தக்காரர் முல்லைத்தீவிலிருந்து வந்த முஸ்லிம் வியாபாரி. "கூரையிலை மட்டும் கை வையாதையும். சுவரையும் நிலத்தையும் நீர் என்னவும் செய்யும்," என்று சொல்லித்தான் தந்தார். கூரை அவ்வளவு தாழ்ந்து பதிவாக இருந்தது. கையைத் தூக்கினால் முகட்டுச் சிலந்திவலை விரலில் ஒட்டும்.

என் கமரா கையகலக் கண்ணாடித் தகடுகளில் படம் பிடிக்கும். தகட்டைத் தாளின்மேல் வைத்து ஒளி விட்டால் தகட்டின் அளவில்தான் படம் வரும். கூட்டமாக எடுத்த படத்தில் ஒரு முகம் கட்டைவிரல் நகத்தளவு இருக்கும். அந்த முகத்தை மட்டும் எடுத்துப் பெரிதாக்க என்லாஜர் வேண்டும். சின்ன பிலிமுக்கான என்லாஜர்கள் அங்குமிங்கும் கிடைத்தன. என்னுடைய தகட்டின் அளவுக்கு உள்ளது பெரிய சாமான். யாராவது ஸ்ரூடியோவை மூடி, பழசை விற்றால்தான் உண்டு. வேண்டும் வேண்டும் என்று நினைத்துக்கொண்டே பல வருடம் வாங்காமல் இருந்தேன்.

அந்த ஆடி மாதம் குளத்தில் தண்ணீர் குறைந்துவிட்டது. மன்னார் வீதியில் பூவரசங்குளத்துக்கும் அப்பால் ஒரு குடியேற்றத் திட்டம். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து காடு வெட்டிக் காணி எடுத்தவர்கள் அங்கே குளத்துத் தண்ணீரை நம்பிச் சிறுபோக நெல் செய்தார்கள். ஒவ்வொரு காணிக்கும் வாய்க்கால் தண்ணீருக்கு நேரம் வைத்து முறை இருந்தது. ஒருவருடைய முறை முடிவதற்கு முன்னமே பக்கத்துக் காணிக்காரன் மடையைத் தன் பக்கம் திறந்துவிட்டான். அவர் போய் மண்வெட்டியால் அடைத்தார். அவன் திரும்பத் திறந்தான். மூன்றாம் முறை அவர் குனிந்து மண் போட்டபோது அவன் காட்டுக் கத்தியால் கொத்தினான். முதல் கொத்து கழுத்தில். இரண்டாவது இடது காதடியிலிருந்து வாய்க்கடைவரை. அவர் மடைக்குள்ளேயே விழுந்தார். உடம்பு மடையை அடைத்துவிட்டதால் தண்ணீர் அவருடைய வயலுக்கே பாய்ந்ததாம். பயிரின் அடியெல்லாம் சிவந்து கிடந்தது என்று பார்த்தவர்கள் சொன்னார்கள்.

வெட்டியவன் அன்று பின்னேரமே பொலிசில் போய் நின்றான். மறியல் சிறையில் போட்டார்கள்.

செத்தவரின் தம்பி மறுநாள் காலை சைக்கிளில் என்னிடம் வந்தான். முந்தின நாள் தமையனைத் தூக்கிக்கொண்டு ஓடியபோது இடுப்பில் கட்டியிருந்த சாரத்தை இன்னும் மாற்றவில்லை. இரத்தம் காய்ந்து துணி மட்டைபோல விறைத்திருந்தது.

சாவீட்டில் வேலியோரம் இரண்டு பொலிஸ்காரர்கள் நின்றார்கள். ஆஸ்பத்திரியில் அறுத்துப் பார்த்துவிட்டு முகத்தைத் தடித்த நூலால் தைத்திருந்தார்கள். சாக்குத் தைத்த மாதிரி. யாரோ அதன்மேல் பவுடர் அப்பிவிட்டிருந்தார்கள். தையல் இன்னும் துலக்கமாகத் தெரிந்தது. நான் ஒரு வெள்ளைத் துணியை எடுத்து அந்தக் கன்னத்தை மூடப் போனேன். தம்பி என் கையைப் பிடித்து இழுத்தான்.

"மூடாதேங்கோ அண்ணை. வெட்டு விழுந்த பக்கம் தெரியத்தான் எடுக்கவேணும்."

"மூடுங்கோ," என்று செத்தவரின் மனைவி பெட்டியோரத்திலிருந்து சொன்னாள். "அவரை மூடுங்கோ."

"நீங்கள் சும்மா இருங்கோ மச்சாள். நாளைக்கு அண்ணையின்ரை பிள்ளையள் கேட்டா நான் எதைக் காட்டுறது?" அவன் பொலிஸ்காரருக்கும் கேட்கட்டும் என்று குரலை உயர்த்தினான். "அவன் மறியலிலை சோறு திண்ணட்டும். அவன்ரை தகப்பன் வீட்டிலை ஒருத்தரையும் நான் மிச்சம் வைக்கமாட்டன்."

அந்தத் தகப்பன் யார், வீடு எங்கே என்று நான் யாரையும் கேட்கவில்லை. விசாரிக்கிற பழக்கம் எனக்கு இல்லை. துணிக்குள் தலையை விட்டுக்கொண்டு, மூடியைக் கழற்றி எண்ணினேன். இரண்டு எண்ணும்போது மனைவி பெட்டியின் விளிம்பில் நெற்றியை அடித்தாள். கழுவிய தகட்டில் அவளுடைய தலை இருந்த இடத்தில் ஒரு புகை மட்டும் இருந்தது. அவருடைய முகமும் வெட்டும் அப்படியே வந்திருந்தன. நான் எடுத்த தகடுகளிலேயே அதுதான் மிகத் துல்லியம்.

எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவு முடிந்த மறுநாள் செத்தவரின் மனைவி ஓர் அயல்பெண்ணோடு பஸ்ஸில் வந்து ஸ்ரூடியோ வாசலில் நின்றாள். கதிரையில் இருக்கச் சொன்னேன், இருக்கவில்லை.

"அண்ணை, அவரின்ரை முகம் உங்களிட்டைத்தான் கிடக்கு. வேறை படம் ஒண்டும் இல்லை. கலியாணத்துக்கும் எடுக்கேல்லை."

"ஓம் தங்கச்சி."

"முகம் மட்டும் பெரிசா வேணும். வெட்டு இல்லாமல்."

நான் தகட்டை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன்.

"மச்சான் வெட்டோடைதான் கொழுவவேணும் எண்டு நிக்கிறார். அதைச் சுவரிலை கொழுவிவிட்டா என்ரை பெடியள் ரெண்டும் அதைப் பாத்துப் பாத்துத்தான் வளருவாங்கள். மீசை முளைக்க முன்னம் கத்தி எடுப்பாங்கள். இப்ப அடக்கம் செய்தது ஒராள். அவங்களையும் நான்தான் அடக்கவேணுமோ? முப்பத்தொண்டு அண்டைக்கு நீங்கள் ஒரு நல்ல முகத்தைத் தந்தா அதைக் கொழுவிப்போடுவன். எல்லாருக்கும் முன்னாலை ஒருக்காக் கொழுவினதை மச்சான் கழட்டமாட்டார்."

"பாப்பம் தங்கச்சி," என்றேன். முப்பத்தோராம் நாளுக்கு இருபத்திரண்டு நாள் இருந்தது.

வெட்டை மறைப்பது பெரிய வேலையல்ல. தகட்டில் வெட்டு இருக்கிற இடம் வெளிறிக் கிடக்கும். கூரான பென்சிலால் அதைப் புள்ளி புள்ளியாக நிரப்பிவிட்டால் படத்தில் தோலாகிவிடும். முகத்தைப் பெரிதாக்கத்தான் வழி வேண்டும். நான் ஒரு தும்புக் கயிற்றை எடுத்து இருட்டறையை அளந்தேன். தரையிலிருந்து கூரைவரை ஒரு முடிச்சு. சுவரிலிருந்து சுவர்வரை இன்னொரு முடிச்சு. அந்தக் கயிற்றை மடியில் செருகிக்கொண்டு, தகட்டைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு என்லாஜர் தேடப் புறப்பட்டேன்.

முதலில் யாழ்ப்பாணம். அங்கே ஒரு ஸ்ரூடியோக்காரர் நெட்டையாக நிற்கிற என்லாஜர் ஒன்றை விற்கப் பார்த்துக்கொண்டிருந்தார். இரும்புத் தூண், மேலே பானை மாதிரி விளக்குக் கூடு, கீழே பலகை. மின்சாரத்தில் வேலை செய்வது. கயிற்றைத் தூணோடு பிடித்துப் பார்த்தேன். விளக்குக் கூடு என் கூரைக்கு மேலே ஒரு முழம் நின்றது.

"வன்னியிலை ஆக்கள் குள்ளம் எண்டு கேள்விப்பட்டனான்," என்றார் அவர். "வீடும் குள்ளமோ?"

அவருடைய வேலையாட்கள் சிரித்தார்கள். நான் தகட்டைப் போட்டுக் காட்டச் சொன்னேன். லென்சில் பூஞ்சணம் பிடித்திருந்தது. கீழ் மூலை கலங்கியது. எங்கள் தெருவில் அரிசி ஆலை ஓடும்போது விளக்கு மங்குகிற விஷயமும் நினைவுக்கு வந்தது. வேண்டாம் என்று சொல்லக் கூச்சப்பட்டு, "யோசிச்சுச் சொல்லுறன்" என்று சொல்லிவிட்டு ரயில் ஏறினேன்.

இரண்டாவது, நெளுக்குளத்தில் இருப்பதாகத் தகடு விற்கிற ஒருவர் சொன்னார். முன்னொரு காலத்தில் ஸ்ரூடியோ வைத்திருந்து, கை நடுக்கம் வந்ததால் விட்டுவிட்ட வயதானவர். சைக்கிளில் ஒரு மத்தியானம் போனேன். வெயில் நெருப்பாகக் கொட்டியது, வானத்தில் ஒரு துண்டு மேகம் இல்லை.

அவருடைய என்லாஜரைப் பார்த்ததும் என் மனம் அதில் விழுந்துவிட்டது. பழைய மரச் சாமான். படுக்கையாகக் கிடப்பது. தோல் துருத்தி, பித்தளை லென்ஸ். மின்சாரமே வேண்டாம். சுவரில் ஓட்டை போட்டு, தகட்டை அந்த ஓட்டையில் பொருத்தி, வெளியே ஒரு வெள்ளைப் பலகையைச் சாய்த்து வைத்தால், பலகையில் படுகிற வானத்து வெளிச்சம் தகட்டுக்குள்ளால் வந்து எதிர்ச் சுவரில் படமாக விழும். கயிற்றின் இரண்டாவது முடிச்சைப் பிடித்துப் பார்த்தேன். நாலு விரல் இடம் மிச்சம்.

"கயிறு கொண்டந்து அளக்கிற ஆளை இப்பதான் காணுறன்," என்றார் பெரியவர். "பிரேதம் அளக்கிற மாதிரியெல்லோ அளக்கிறீர். போடும் தம்பி, உம்மடை தகட்டைப் போட்டுப் பாரும். மருந்து என்னட்டை ஒண்டும் இல்லை, தாளிலை ஒளி விட்டுக்கொண்டுபோய் வீட்டை வைச்சுக் கழுவும்."

நானும் அதற்காகத்தான் பெரிய தாள் ஒன்றைக் கறுப்பு உறையில் கொண்டுபோயிருந்தேன். தகட்டைப் போட்டேன். அவர் கதவை அடைத்துவிட்டு என் பக்கத்தில் வந்து நின்றார்.

சுவரில் முகம் விழுந்தது. அப்படி ஒரு துல்லியத்தை நான் கண்டதில்லை. இமை மயிரை எண்ணலாம். படம் தலைகீழாக விழும். கறுப்பு வெள்ளையாகவும் வெள்ளை கறுப்பாகவும் இருக்கும். தோல் கரி, தலைமயிர் நரை, வெட்டு வெள்ளைக் கோடு. அப்படிக் கிடக்கிற முகத்தைப் பெற்ற தாயும் அடையாளம் காண மாட்டாள். படம் கழுவிப் பழகியவன் காண்பான். அந்த அறைக்குள் அப்படி இரண்டு பேர் நின்றோம்.

அவர் சுவருக்குக் கிட்டப் போய் அந்த முகத்தைக் குனிந்து பார்த்தார்.

"இது ஆரின்ரை படம், தம்பி?"

"ஒரு சாவீட்டுப் படம் ஐயா."

"வடிவா விழுந்திருக்கு," என்றார். குரல் மாறியதை நான் அப்போது கவனிக்கவில்லை, லென்சைப் பார்த்துக்கொண்டிருந்தேன். "நீர் தாளைப் போட்டுப் பாரும். நான் வெளியாலை நிக்கிறன்."

அவர் போனதும் தாளைச் சுவரில் குத்தினேன். எத்தனை எண்ணிக்கை ஒளி விட்டால் சரியாக வரும் என்று தெரியாதபோது ஒரு முறை உண்டு. முழுத் தாளுக்கும் ஐந்து எண்ணி ஒளி விடுவது. பிறகு ஒரு பங்கை மட்டையால் மறைத்து இன்னும் ஐந்து. இன்னொரு பங்கை மறைத்து இன்னும் ஐந்து. இப்படிப் போனால் ஒரே படத்தில் நாலு பட்டை வரும், வெளிறலிலிருந்து கறுப்புவரை. எது சரி என்று பார்த்து, நல்ல படத்தைப் பிறகு எடுப்போம். நெற்றியிலிருந்து தொடங்கினேன். நெற்றி ஐந்து, கண் பத்து, மூக்கு பதினைந்து. வாயும் நாடியும் இருக்கிற கடைசிப் பட்டைக்கு எண்ணும்போது படம் திடீரென்று மங்கியது. மேகம் என்று நினைத்து எண்ணிக்கையை நீட்டினேன். மேகமில்லாத நாள் என்பதை மறந்துவிட்டேன். வெளியே வெள்ளைப் பலகைக்கு முன்னால் ஆள் நின்றிருக்கிறான்.

வெளிச்சம் திரும்பி வந்தது. தாளை உறைக்குள் வைத்துச் சேட்டுக்குள் வயிற்றோடு செருகினேன். கதவு உதைபட்டுத் திறந்தது.

வந்தவன் பெரியவரின் மூத்த மகன்; தகப்பன் போய்ச் சொல்லியிருக்கிறார். மறியலில் இருந்தவனின் தமையன். அது எனக்கு அவன் கத்தியபோதுதான் தெரிந்தது.

"என்ரை தம்பியைத் தூக்கிலை போட உனக்கு எங்கடை வீட்டுச் சாமானோ வேணும்?" என் சேட்டுக் கொலரைப் பிடித்து வெளியே இழுத்தான். "கோட்டிலை காட்டவோ பெருப்பிக்கிறாய்? ஆர் அனுப்பினது? தம்பிக்காரனோ? பொலிசோ?"

நீதிமன்றத்துக்கு அல்ல, அந்த மனுசியின் வீட்டுச் சுவருக்கு என்று நான் சொல்லியிருக்கலாம். ஐந்தாறு சொல்தான். எனக்கு வரவில்லை. நான் பேசாமல் நிற்க நிற்க அவனுக்கு உறுதியாகிக்கொண்டே போனது. கன்னத்தில் அறைந்தான். வயிற்றில் உதைத்தபோது உறைமேல் பட்டது. வெள்ளைப் பலகைமேல் விழுந்தேன். மடியிலிருந்து கயிறு விழுந்தது. அதை எடுத்து முதுகிலும் கழுத்திலும் மாறி மாறி அடித்தான். முடிச்சு பட்ட இடமெல்லாம் தோல் உரிந்தது. பிறகு உள்ளே போய்த் தகட்டைப் பிடுங்கி வந்து கிணற்றுக்கட்டில் அடித்தான். உடைந்த துண்டுகளை அம்மியில் போட்டுக் குழவியால் குத்தினான். கண்ணாடி மாவாகும்வரை குத்தினான். அவன் கை வெட்டுப்பட்டு இரத்தம் வழிந்தது. அதை அவன் பார்க்கவேயில்லை.

"எந்தக் கையாலை படம் பிடிக்கிறனி?"

அந்த மத்தியானம் என் வாயிலிருந்து தானாக வந்த ஒரே சொல் அதுதான்.

"வலக்கை."

கேட்டதற்கு உண்மையைச் சொன்னேன். அவன் அந்தக் கையை அம்மியில் வைத்துக் குழவியைப் போட்டான். மூன்று விரல். நொறுங்கிய சத்தம் வலிக்கு முன்னம் வந்தது.

"காணும் மோனை, விடு. காணும்." பெரியவர் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார். மகன் குழவியை எறிந்துவிட்டு வேலிப் பக்கம் போய்க் குனிந்து, தின்றதையெல்லாம் சத்தி எடுத்தான்.

பெரியவர் வந்து என்னை எழுப்பினார். "ஆருக்கு உந்தப் படம்? இப்பவெண்டாலும் வாயைத் திறவும்."

"பொஞ்சாதிக்கு," என்றேன். "முப்பத்தொண்டுக்கு. வெட்டை அழிச்சுத் தரச் சொன்னவா."

அவர் என்னையே பார்த்தார். "செத்துப்போனவன் எத்தினை நாள் இந்த வீட்டிலை சோறு திண்டவன் தெரியுமோ," என்றார். பிறகு அவருடைய கண் என் சேட்டுக்குக் கீழே இறங்கியது. பொத்தான்கள் அறுந்து கறுப்பு உறையின் மூலை வெளியே தெரிந்தது. அதற்குள் என்ன இருக்கிறது என்று என்னைத் தவிர அந்த முற்றத்தில் தெரிந்தவர் அவர் ஒருவர்தான். வேலியடியில் நின்ற மகனைத் திரும்பிப் பார்த்தார். நடுங்குகிற விரல்களால், மிச்சமிருந்த இரண்டு பொத்தான்களையும் பூட்டி உறையை மறைத்துவிட்டார்.

"கெதியாப் போம்," என்றார்.

சைக்கிளை ஒரு கையால் தள்ளிக்கொண்டு வந்தேன். வழியில் நெரிவு முறிவு பார்க்கிற பரியாரி ஒருவர் விரல்களை இழுத்துப் பச்சிலை வைத்து மட்டை கட்டினார். அவர் இழுத்தபோது நான் அவருடைய பாயிலேயே சிறுநீர் விட்டுவிட்டேன். அவர் இன்னொரு பாயை எடுத்துப் போட்டார்.

அன்று பின்னேரமே இருட்டறைக்குள் போய் இடது கையால் தாளைக் கழுவினேன். நாலு பட்டையாக முகம் வந்தது. நெற்றி வெளிறி, தாளோடு தாளாக. கண்கள் சரியாக. மூக்கும் கன்னமும் கறுத்து. வாயும் நாடியும் கரிக்கட்டி. வெட்டு காதடியில் தொடங்கிக் கன்னத்தில் இறங்கி, கடைசிப் பட்டையின் கோட்டில் கறுப்புக்குள் மறைந்தது. பாதி வெட்டு தெரிந்தது, பாதி தெரியவில்லை. திரும்ப எடுக்கத் தகடு இல்லை. தெரிந்த பாதியை இடது கையால் மை தொட்டு மறைத்தேன். தாடி மாதிரி ஒரு அழுக்கு வந்தது. அதற்குமேல் அந்தக் கைக்கு வரவில்லை.

முப்பத்தோராம் நாள் படையலுக்கு முன்னம் அவளிடம் படத்தைக் கொடுத்தேன். முற்றம் நிறைய ஆட்கள். அவள் படத்தை வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தாள். அழவில்லை.

"முகத்திலையும் வரம்பு கட்டிப்போட்டியள் அண்ணை," என்றாள்.

எனக்கு நிலம் பிளந்தால் போதும் என்றிருந்தது. அவள் படத்தைக் கொண்டுபோய்ச் சுவரில் ஏற்கெனவே அடித்து வைத்திருந்த ஆணியில் கொழுவினாள். பிள்ளைகளைக் கூப்பிட்டு, "அப்பாவைக் கும்பிடுங்கோ," என்றாள். கும்பிட்டார்கள்.

செத்தவரின் தம்பி பின்னால் வந்து நின்றான். "வெட்டு எங்கை?"

"உதிலை கிடக்கிறது அவரின்ரை முகம்," என்றாள் அவள். "அது காணும்."

அவன் என்னிடம் திரும்பினான். "தகடு எங்கை? அதைத் தாங்கோ. நான் வேறை ஆளிட்டைக் குடுத்து எடுப்பிக்கிறன்."

"உடைஞ்சுபோச்சு."

"எப்பிடி?"

"விழுந்து."

"கை?"

"என்லாஜர் இரும்பு விழுந்தது." கட்டுக்குள் விரல்கள் துடித்தன.

"எந்த என்லாஜர்? எங்கை வாங்கப் போனனீங்கள்?"

நெளுக்குளம் என்று சொன்னால் போதும். அந்த வீட்டை அவனுக்குத் தெரியும். முற்றத்தில் நின்ற இளம் ஆட்கள் ஐந்தாறு பேர் எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மழிக்காத முகம், இடுப்பில் கத்தி. எனக்கு அந்த மகன்மேல் இரக்கம் ஒன்றும் இல்லை. அம்மியில் அவன் தலையை வைத்துக் குத்துவதாக அந்த நாட்களில் கண்ணை மூடும்போதெல்லாம் நினைத்தேன். ஆனால் பொத்தான் பூட்டிய விரல்களும் அதே வீட்டில்தான் இருந்தன.

"யாழ்ப்பாணம்," என்றேன்.

"வாங்கிட்டியளோ?"

"ஓம். ரயிலிலை வரும்."

"வரட்டும்," என்றான் அவன். "வந்து பாக்கிறன்."

அப்படித்தான் நான் என்லாஜரைத் தெரிவுசெய்தேன். நல்ல லென்ஸ் நெளுக்குளத்தில் கிடந்தது. மறுகிழமை கட்டுப்போட்ட கையோடு யாழ்ப்பாணம் போனேன்.

"என்ன, கூரை உயந்திட்டுதோ?" என்று அந்த ஸ்ரூடியோக்காரர் கேட்டார்.

"இல்லை. நிலம் பதியும்," என்றேன். அவர் இந்த முறை சிரிக்கவில்லை. என் கழுத்தில் இருந்த காய்ந்த தழும்புகளைப் பார்த்திருப்பார்.

என்லாஜர் ரயிலில் வந்து, ஸ்ரேசனிலிருந்து வண்டிலில் இறங்கியது. ஸ்ரூடியோவுக்குள் நிறுத்தி வைத்தேன். இருட்டறைக்குள் ஏற்ற வேண்டுமானால் தரையைத் தோண்ட வேண்டும். இடது கையால் மண்வெட்டியைப் பிடித்துக் கொத்திப் பார்த்தேன். மண்வெட்டி நிலத்தில் துள்ளியது. காலை முழுக்கக் கொத்தி ஒரு சட்டியளவு குழி வந்தது.

அப்போது செத்தவரின் தம்பி வந்தான். சொன்னபடி பார்க்க வந்தான். என்லாஜரைச் சுற்றிச் சுற்றி நடந்தான். தூணைத் தட்டிப் பார்த்தான். யாழ்ப்பாண ஸ்ரேசன் துண்டு பலகையில் ஒட்டியிருந்ததைக் குனிந்து பார்த்தான். பிறகு இருட்டறை வாசலில் நின்று என்னையும் குழியையும் பார்த்தான்.

"உப்பிடிக் கொத்தினா தையிலும் முடியாது. விடுங்கோ."

இடுப்பிலிருந்த கத்தியை உறையோடு கழற்றித் தகடுகள் அடுக்குகிற பலகையில் வைத்தான். சேட்டைக் கழற்றினான். வயல் வேலைக்காரனின் கொத்து. ஒவ்வொரு கொத்துக்கும் ஒரு பாளம் மண் வந்தது. கருவாட்டு உப்பு ஊறிய மண் நாறியது. அவன் முழங்கால்வரை இறங்கியபின் நிமிராமல் கேட்டான்.

"அண்ணை, உண்மையா இந்த இரும்போ விழுந்தது?"

"ஓம்."

"மூண்டு விரலிலும்?"

"ஓம்."

மண்வெட்டி நின்றது. அவனுடைய முதுகு மட்டும் தெரிந்தது. மூச்சு வாங்கிக்கொண்டிருந்தான். அந்த நேரத்தில் மண்வெட்டியோடு அவன் திரும்பியிருந்தால் நான் எல்லாவற்றையும் சொல்லியிருப்பேன். பயந்தவன் எதையும் சொல்வான் என்று எனக்கு என்னைப் பற்றித் தெரியும்.

அவன் திரும்பவில்லை. "மச்சாள் அந்தப் படத்துக்கு முன்னாலை பின்னேரத்திலை விளக்கு வைக்கிறா," என்றான். "பெடியள் பயப்பிடாமல் கிட்டப் போறாங்கள்." பிறகு திரும்பக் கொத்தத் தொடங்கினான்.

ஆழம் போதுமா என்று கேட்டான். கயிறு நெளுக்குளத்திலேயே கிடந்தது. வேறு கயிறு எடுத்து, கூரையிலிருந்து தொங்கவிட்டு, இருவருமாகத் தூணோடு பிடித்துப் பார்த்தோம். ஏற்றி நிறுத்தியபோது விளக்குக் கூடு முகட்டைத் தொடாமல் நின்றது. அன்றிலிருந்து நான் முழங்கால் ஆழக் குழிக்குள் நின்றுதான் படம் பெருப்பிக்கிறேன். மாரியில் தண்ணீர் ஊறும். சட்டியால் அள்ளி ஊற்றிவிட்டு இறங்குவேன். கீழ் மூலை இன்றைக்கும் கலங்கித்தான் விழுகிறது.

அவன் கால் மண்ணைத் தட்டிவிட்டு, சேட்டைத் தோளில் போட்டுக்கொண்டு, சைக்கிளில் ஏறிப் போனான். கத்தி பலகையிலேயே கிடந்தது. அவன் தெருமுனை திரும்பும்வரை நான் வாசலில் நின்றேன். கூப்பிட்டுக் கொடுக்கவில்லை. அவனும் அதைத் தேடி வரவில்லை.